ஒரு கார் எவ்வளவு தூரம் ஓடும்?

2024 மே மாதம் குடும்பத்தோடு திருநெல்வேலிக்குப் போனோம். எங்கள் காரை எடுக்கவில்லை. அதற்கு 15 வயது முடிய மூன்று மாதம்தான் பாக்கி, ஏசி போட்டால் ஒரு மாதிரி முனகும். ஓர் இன்னோவா வாடகைக்கு எடுத்தோம். விக்கிரவாண்டி டோலில் வரிசையில் நிற்கும்போது சும்மா எட்டி மீட்டரைப் பார்த்தேன். 6,03,000 சொச்சம்.

"இன்ஜின் மாத்தினதாண்ணே?"

"ஒரிஜினல் சார். ஹெட்டக்கூட பிரிக்கல. கிளட்ச் ரெண்டு தடவ, டைமிங் பெல்ட் ஒன்றர லட்சத்துக்கு ஒருக்கா, டயர் கணக்கே இல்ல. அவ்ளோதான்."

என் கார் அப்போது 71,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. அந்த மாதம்தான் மெக்கானிக் எனக்கு ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்: ரேடியேட்டர் ஹோஸ் வெடிப்பு, வால்வு கவர் கேஸ்கெட்டில் ஆயில் கசிவு, முன்பக்க சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் போச்சு, ஏசி கூலிங் காயிலில் ஓட்டை. மொத்தம் 62,000 ரூபாய். அதாவது எட்டு மடங்கு அதிகம் ஓடிய வண்டி எங்களை ஏற்றிக்கொண்டு 100-ல் போகிறது, எட்டில் ஒரு பங்கு ஓடிய வண்டி வீட்டில் படுத்திருக்கிறது. மெக்கானிக்கிடம் இதைச் சொன்னபோது, "ஓடுற வண்டிக்கு ஒண்ணும் ஆகாது சார், நிக்கிற வண்டிதான் நாறும்" என்றார். மெக்கானிக்குகள் எப்போதும் சொல்வதுதான். உண்மையா என்று தோண்டிப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன். ஆர்.சி.யைப் புதுப்பிப்பதா, வண்டியைக் கொடுத்துவிடுவதா என்று முடிவெடுக்க மூன்று மாதம் இருந்தது.

(ஒரு விளக்கம். நம்ம ஊரில் 'மைலேஜ்' என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அர்த்தமாகிவிட்டது. இந்தக் கட்டுரையில் அது இல்லை. வண்டி மொத்தம் எவ்வளவு ஓடியது என்பதை 'ஓட்டம்' என்றே எழுதுகிறேன்.)

இந்த விஷயத்தைத் தேடும் எவரும் முதலில் போய் முட்டிக்கொள்ளும் பெயர் இர்வ் கோர்டன். நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலண்டில் இருந்த அறிவியல் ஆசிரியர். 1966 ஜூன் கடைசியில் சிவப்பு நிற வோல்வோ பி1800எஸ் ஒன்றை 4,150 டாலருக்கு வாங்கினார். வெள்ளிக்கிழமை வாங்கிய வண்டியை அந்த வாரக் கடைசிக்குள்ளேயே 1,500 மைல் ஓட்டிவிட்டு, திங்கட்கிழமை முதல் சர்வீஸுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். அப்புறம் நிறுத்தவே இல்லை. தினமும் பள்ளிக்குப் போய்ட்டு வர்றதே 125 மைல். 1987-ல் 10 லட்சம் மைல். 2002-ல் 20 லட்சம். 2013 செப்டம்பரில் அலாஸ்காவில் 30 லட்சம். 2018 நவம்பரில் அவர் இறந்தபோது மீட்டர் ஏறக்குறைய 32 லட்சம் மைலில் நின்றது. கிலோமீட்டரில் 51 லட்சத்துக்கும் மேல். நிலாவுக்கு ஆறு தடவை போய்த் திரும்பி, ஏழாவது தடவை போய் இறங்கினாலும் மிச்சம் இருக்கும். ஒரே ஆள் வைத்து ஓட்டிய வண்டிகளில் கின்னஸ் சாதனை இதுதான்.

எனக்கு 32 லட்சத்தைவிட முக்கியமாகப் பட்ட எண் வேறு. அந்த இன்ஜினை முதல் தடவை பிரித்து வேலை செய்தது 6,80,000 மைலில், அதாவது சுமார் 10.9 லட்சம் கிலோமீட்டரில். டாப் கியரில் கிலோமீட்டருக்கு 1,500 சுற்று என்று தோராயமாக வைத்தால், கிராங்க் ஷாஃப்ட் 160 கோடி தடவைக்கு மேல் சுற்றிய பிறகுதான் பிரித்திருக்கிறார்கள். 1960-களின் உலோகம், 1960-களின் ஆயில். கம்ப்யூட்டர் கிடையாது, கார்புரேட்டர் வண்டி. எப்படி?

வண்டி நன்றாகச் செய்யப்பட்டது என்பது ஒரு பாதி. அதிலிருந்த பி18 இன்ஜின் 1.8 லிட்டர், நாலு சிலிண்டர், முழுக்க வார்ப்பிரும்பு. அந்தக் காலத்து நாலு சிலிண்டர் இன்ஜின்கள் பலவற்றில் கிராங்கைத் தாங்க மூன்று மெயின் பேரிங்தான் இருக்கும், இதில் ஐந்து. டைமிங் பெல்ட்டும் இல்லை, செயினும் இல்லை, கியர். ஆனால் இதே இன்ஜின் போட்ட ஆயிரக்கணக்கான வோல்வோக்கள் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. ஆகவே மீதிப் பாதியை வேறு இடத்தில் தேட வேண்டும்.

இன்ஜின் எப்போது தேய்கிறது? நாம் நினைப்பது, ஓடும்போது. பாதிதான் சரி. கிராங்க் ஷாஃப்ட்டும் பேரிங்கும் ஓடும்போது ஒன்றையொன்று தொடுவதே இல்லை. சுழலும் ஷாஃப்ட் ஆயிலைத் தன்னோடு இழுத்து ஓர் ஆப்பு மாதிரி இடைவெளிக்குள் திணிக்கிறது. அந்த அழுத்தத்தில் ஷாஃப்ட் ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. மழையில் வேகமாகப் போகும் டயர் ரோட்டைத் தொடாமல் தண்ணீர் மேல் வழுக்குமே, அதே தத்துவம். ரோட்டில் அது ஆபத்து, இன்ஜினுக்குள் அதுதான் உயிர். சுழற்சி இருக்கும்வரை படலம் இருக்கும். நின்றால் ஷாஃப்ட் கீழே உட்கார்ந்துவிடும், மேலே கேம்ஷாஃப்ட், வால்வு பக்கம் இருந்த ஆயில் வழிந்து அடியில் இறங்கிவிடும். மறுநாள் காலை சாவியைத் திருப்பும்போது பம்ப் ஆயிலை மேலே ஏற்றும்வரை சில நொடிகள் உலோகமும் உலோகமும் உரசும்.

இன்னொன்று தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். இதை முதலில் படித்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை, பேப்பர் எடுத்துச் சமன்பாடு போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. எடை காற்றிலிருக்கும் ஆக்சிஜனிலிருந்து வருகிறது. பெரும்பகுதி ஆவியாக சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி கீழே ஆயிலில் சேரும், கூடவே எரியாத பெட்ரோலும் அமிலங்களும். ஆயில் நன்றாகச் சூடானால் இதெல்லாம் ஆவியாகி வெளியேறிவிடும். சூடாகாவிட்டால் அங்கேயே தங்கும். ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே காபி நுரை மாதிரி ஒட்டியிருக்குமே, அது இதுதான்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நானும் ஏமாந்திருக்கிறேன். டாஷ்போர்டில் டெம்பரேச்சர் ஊசி நடுவுக்கு வந்துவிட்டால் இன்ஜின் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். அந்த ஊசி காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. ஆயில் அதைவிட மெதுவாகத்தான் சூடேறும். என் வீட்டிலிருந்து ஆபீஸ் 8 கிலோமீட்டர். 15 வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் என் காரின் ஆயில் ஒழுங்காகச் சூடாகும் முன்பே பார்க்கிங்கில் நின்றிருக்கிறது. சென்னை வெயிலில் நிலைமை அமெரிக்கப் பனிக்காலம் அளவுக்கு மோசமில்லைதான், ஆனால் திசை அதேதான்.

இனி கணக்கு. சாஃப்ட்வேர்க்காரன், ஸ்ப்ரெட்ஷீட் இல்லாமல் தூக்கம் வராது.

என் கார்: 71,000 கிலோமீட்டர், தடவைக்கு 8 கிலோமீட்டர் என்றால் சுமார் 8,900 தடவை ஸ்டார்ட் செய்திருக்கிறேன். காலையில் ஒன்று, ஒன்பது மணி நேரம் நின்ற பிறகு சாயங்காலம் ஒன்று, இரண்டுமே குளிர்ந்த இன்ஜின். அந்த இன்னோவா: அண்ணன் கணக்குப்படி ஓடுகிற நாளில் சராசரி 300 கிலோமீட்டர். 6 லட்சத்தை 300-ஆல் வகுத்தால் 2,000 நாள். நாளுக்கு ஒரு குளிர் ஸ்டார்ட், டீக்கடையில் நிறுத்தி எடுப்பதெல்லாம் சூடான இன்ஜின். 8,900-க்கு எதிரே 2,000. ஸ்டார்ட் கணக்கில் என் வண்டிதான் கிழவன்.

மணிக்கணக்கும் போட்டேன். டிராக்டருக்கும் ஜெனரேட்டருக்கும் ஜே.சி.பி.க்கும் யாரும் கிலோமீட்டர் பார்ப்பதில்லை, எத்தனை மணி நேரம் ஓடியது என்றுதான் பார்ப்பார்கள். சிக்னலிலும் டிராஃபிக்கிலும் என் சராசரி வேகம் 18 கிலோமீட்டர் என்றால், இன்ஜின் ஓடியது 3,900 மணி நேரம். இன்னோவா சராசரி 60 என்றால் 10,000 மணி நேரம். மீட்டரில் எட்டரை மடங்கு வித்தியாசம், மணியில் இரண்டரை மடங்குதான். கிளட்ச், பிரேக் விஷயத்தில் இன்னும் மோசம். எனக்கு முதல் கிளட்ச் 48,000-ல் போனது, அவருக்கு 2,80,000-ல். பைபாஸில் ஐந்தாவது கியர் போட்டால் அடுத்த டோல்வரை கிளட்ச் மிதிக்க வேலையே இல்லை.

கோர்டனை இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் புதிர் பாதி அவிழ்ந்துவிடுகிறது. 52 வருஷத்தில் 32 லட்சம் மைல் என்றால் நாளுக்குச் சராசரி 270 கிலோமீட்டர். பெரும்பாலும் நெடுஞ்சாலை, சூடான இன்ஜின், சீரான வேகம், ஒரே டிரைவர். கூடவே 3,000 முதல் 3,500 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றம், கையேட்டில் சொன்ன வேலையெல்லாம் சொன்ன நேரத்தில். அமெரிக்காவில் விக்டர் ஷெப்பர்ட் என்பவர் 2007 மாடல் டொயோட்டா டன்ட்ரா பிக்கப்பில் 2016-ல் 10 லட்சம் மைலைத் தொட்டார், ஒரிஜினல் இன்ஜின், ஒரிஜினல் கியர்பாக்ஸ். ஒன்பது வருஷத்தில் 10 லட்சம்! சரக்கு டெலிவரிதான் அவர் தொழில். டொயோட்டா அந்த வண்டியை வாங்கிக்கொண்டு பிரித்துப் பார்த்து ஆராய, அவருக்குப் புதுசு ஒன்று கொடுத்தது. நான் பார்த்த அதிக ஓட்டக் கதைகளில் பெரும்பாலானவை இதே அச்சு: வேகமாகச் சேர்த்த கிலோமீட்டர்.

ஒரு எச்சரிக்கை. பிழைத்து வந்த வண்டிகளை மட்டும் பார்த்துவிட்டு விதி எழுதக்கூடாது. கோர்டன் மாதிரியே பராமரித்தும் நாலு லட்சத்தில் லாரி மோதிச் செத்த வண்டி பேப்பரில் வராது. சராசரி தெரிய வேண்டுமென்றால் வேறு இடம் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. 2006-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒவ்வொரு வயதிலும் எத்தனை வண்டிகள் இன்னும் பதிவில் இருக்கின்றன, அந்த வயதில் வருஷத்துக்கு எவ்வளவு ஓடுகின்றன என்று இரண்டையும் பெருக்கிக் கூட்டியது. ஒரு காரின் வாழ்நாள் ஓட்டம் 1,52,137 மைல் என்று வந்தது. அதாவது சுமார் 2.45 லட்சம் கிலோமீட்டர். பிக்கப், எஸ்.யு.வி. வகைக்கு 2.9 லட்சம். அந்த இன்னோவா இதைப்போல இரண்டு மடங்கு தாண்டிவிட்டது. என் கார் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை.

முன்பெல்லாம் ஒரு லட்சம் மைலே பெரிய விஷயம். பழைய அமெரிக்கக் கார்கள் பலவற்றின் ஓடோமீட்டரில் ஐந்து இலக்கம்தான். 99,999-க்குப் பிறகு சுழன்று பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதைத் தாண்டி ஓடுகிற வண்டி அபூர்வம் என்பதால் யாரும் கவலைப்படவில்லை. ஆயில், துருப்பிடிக்காத பூச்சு, உற்பத்தித் துல்லியம் எல்லாம் மேம்பட்டதில் இன்று அங்கே சாலையில் ஓடும் வண்டிகளின் சராசரி வயதே 2024 கணக்கில் 12.6 வருஷம். ஆனால் எதிர்பாராத நீளாயுள் இப்போதும் வடிவமைப்பாளர்களைக் கிண்டல் செய்கிறது. 2000-களின் நடுவில் வந்த சில டொயோட்டா கரோலாக்களின் டிஜிட்டல் மீட்டர் 2,99,999 மைலுக்கு மேல் ஏறாது. வண்டி ஓடும், மீட்டர் நிற்கும். யாரோ ஒரு புரோகிராமர் இது போதும் என்று ஒரு உச்சவரம்பு எழுதியிருக்கிறார். நானும் அப்படி எழுதியவன்தான், சிரிக்க உரிமையில்லை.

சரி, இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும் என்றால் வண்டி எதில் சாகும்? இன்ஜின் உண்மையில் பிரச்சினையே இல்லை, மாற்றிவிடலாம். கிரீஸில் தெசலோனிகி நகரத்து டாக்ஸி டிரைவர் கிரிகோரியோஸ் சாச்சினிடிஸ் தன் 1976 மாடல் மெர்சிடிஸ் 240டி-யில் 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, 2004-ல் கம்பெனியின் மியூசியத்துக்கே கொடுத்தார். அவர் கையில் ஒன்றுக்கு மேல் இன்ஜின் இருந்தது. ஒன்று வண்டியில் ஓடும், இன்னொன்று வேலைக்குப் போயிருக்கும், மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார். அப்படியென்றால் 46 லட்சம் ஓடியது எது? இன்ஜின் இல்லை. உடம்பு, அதாவது பாடிதான். இன்றைய கார்களில் தனி சேஸிஸ் அநேகமாகக் கிடையாது, பாடியே எலும்புக்கூடு. சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்தில் துரு ஏறிவிட்டால் டிங்கரிங் வேலையெல்லாம் ஒப்பனைதான். குளிர் நாடுகளில் பனியைக் கரைக்க ரோட்டில் போடும் உப்பு இந்த வேலையைச் செய்கிறது. நமக்குக் கடற்கரையோரத்து உப்புக் காற்று, மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீர்.

உலோகத்தைத் தவிர மற்றதெல்லாம் கிலோமீட்டரை அல்ல, காலண்டரைப் பார்த்து வயதாகின்றன. ரப்பர் ஹோஸ், புஷ், ஆயில் சீல், டயர், பேட்டரி. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், நின்ற வண்டியிலும் உறிஞ்சும். என் மெக்கானிக்கின் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஹோஸ், கேஸ்கெட், புஷ். மூன்றும் ரப்பர் ஜாதி. நான்காவது, அடிக்கடி நனைந்து காய்ந்து அரித்துப்போன அலுமினியம். ஓட்டத்தால் தேய்ந்தது என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. மெக்கானிக் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு இல்லைதான். ஓடும் வண்டிக்கு ஒண்ணும் ஆகாது என்பதை மட்டும் திருத்த வேண்டும். ஆகும், ஆனால் ஆகிறவற்றுக்கு அண்ணன் பணம் எடுத்து வைத்திருக்கிறார். அது அவருக்குச் சோறு போடும் வண்டி, புஷ் போனால் அன்றைக்கே மாற்றுவார். என் வண்டியில் இரண்டு வருஷமாகக் கடகட சத்தம் கேட்டது, பாட்டு சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

இதனால்தான் பெரும்பாலான கார்கள் தேய்ந்து சாவதில்லை, கைவிடப்பட்டுச் சாகின்றன. வண்டியின் சந்தை மதிப்பு ஒரு லட்சம், ரிப்பேர் 62,000 என்றதும், "இதுக்குப் போய் இவ்வளவு செலவா" என்று தோன்றும். இந்த ஒப்பீடே தப்பு என்பது என் கருத்து. 62,000-ஐ வண்டியின் விலையோடு ஒப்பிடக்கூடாது, அந்தச் செலவு செய்யாவிட்டால் வேறு எதற்கு எவ்வளவு கொடுப்போம் என்பதோடு ஒப்பிட வேண்டும். ஒரு சாதாரண புதுக் காருக்கு முதல் வருஷ மதிப்புக் குறைவே 62,000-ஐத் தாண்டிவிடும்.

ஆக என் ஸ்ப்ரெட்ஷீட் 'வைத்துக்கொள்' என்றது. ரிப்பேர் செய்து, ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்டி, 5,000 ரூபாய் கட்டணமும் பசுமை வரியும் கட்டினால் இன்னும் ஐந்து வருஷம். டெல்லியில் இருந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை, அங்கே 10 வருஷ டீசலும் 15 வருஷ பெட்ரோலும் எப்படி இருந்தாலும் ஓடக்கூடாது என்று கோர்ட்டே சொன்னது. துருவையும் தேய்மானத்தையும் பார்க்காமல் வயதை மட்டும் பார்ப்பது முட்டாள்தனம் என்று அப்போது நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். என் வண்டி பி.எஸ். 3, இன்று விற்பது பி.எஸ். 6. ஆயிலை எத்தனை தடவை மாற்றினாலும் அந்த வித்தியாசம் போகாது. 2009-ல் வடிவமைத்த ரப்பர் குழாய்களுக்குள் இன்று 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஓடுகிறது, அதுவும் யோசிக்க வேண்டியதுதான்.

ஆனால் என்னை நிறுத்தியது அதுகூட இல்லை. மகளுக்கு அந்த வருஷம் 18 முடிந்தது. டிரைவிங் பழகிவிட்டு இந்தக் காரைத்தான் காலேஜுக்கு எடுத்துப் போவாள் என்பது வெகுநாள் திட்டம். திருநெல்வேலியிலிருந்து திரும்பி வந்த அன்று இரவு கையேட்டை எடுத்துப் பாதுகாப்பு பக்கத்தைப் படித்தேன். ஏர்பேக் இல்லை. ஏ.பி.எஸ். இல்லை. நான் வாங்கியபோது 45,000 ரூபாய் மிச்சம் என்று கீழ் மாடலை எடுத்ததும் நானேதான். நான் போட்ட கணக்கெல்லாம் இன்ஜின் எத்தனை வருஷம் தாங்கும் என்பதற்கு. மணிக்கு 80-ல் ஏதாவது ஆனால் உள்ளே இருப்பவர் தாங்குவாரா என்று ஒரு பத்தியும் போடவில்லை. இன்ஜினை மாற்றலாம், ஹோஸை மாற்றலாம், பாடியின் நொறுங்கும் விதத்தை எந்த மெக்கானிக்கும் மாற்ற முடியாது.

மனைவியிடம் சொன்னேன். "இது இப்பதான் தெரிஞ்சுதா?" என்றாள்.

ரிப்பேர் செய்து ஆர்.சி.யைப் புதுப்பித்துவிட்டோம். மகள் அதில்தான் கிளட்ச் பழகினாள், எங்கள் ஏரியாவுக்குள் மட்டும், 40-க்கு மேல் போகாமல். காலேஜுக்கு பஸ்ஸில் போகிறாள், ஆறு ஏர்பேக் உள்ள வண்டிக்கு மாதாமாதம் பணம் ஒதுக்கிக்கொண்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் மட்டும் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுவரை போய் டீ குடித்துவிட்டு வருகிறேன். ஆயில் சூடாக வேண்டுமே.